வாசல் மெழுகும் கணக்கு

கதவைத் தட்டியவனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். கல்லூரி விடுமுறையில் கிடைத்த வேலை போல. கால்சட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், கையில் ஓர் அட்டை. எங்கள் டிரைவ்வே தாகத்தில் வறண்டு கிடக்கிறதாம். இந்த ஆகஸ்டுக்குள் சீல் கோட்டிங் அடிக்காவிட்டால் இன்னொரு மினசோட்டா குளிர்காலத்தை அது தாங்காதாம். 420 டாலர். பக்கத்துத் தெருவில் வேலை நடக்கிறது என்பதால் இன்றே சரி என்றால் 380. யோசித்துச் சொல்கிறேன் என்று அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வயது 81. ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கிறாள்.

“என்ன வேணுமாம் அந்தப் புள்ளைக்கு?”

டிரைவ்வே, அஸ்பால்ட், சீல் கோட்டிங் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் போட்டு விளக்கப் பார்த்தேன். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“வாசல் மொழுகித் தர்றேங்கிறானா?”

“அப்படித்தான் வச்சிக்கயேன்.”

“எத்தனை நாளைக்கு ஒருதரம்?”

“மூணு வருசத்துக்கு ஒருதரம்மா.”

“மூணு வருசம் மொழுகாம கெடக்குறதுக்குப் பேரு வாசலாடா தம்பி?”

அவள் மறுபடி வெண்டைக்காய்க்குத் திரும்பிவிட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன். அதுவரை என் முன்னால் இருந்தது 380 டாலர் செலவழிப்பதா வேண்டாமா என்ற கேள்வி. மெழுகுவது என்ற சொல் உள்ளே வந்தவுடன் அது வேறு ஒன்றாகிவிட்டது. நன்னிலம் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு அவள் விடியுமுன் சாணம் தெளித்த நாட்கள், வெள்ளிக்கிழமை தோறும் கூடத்துத் தரையை மெழுகிய நாட்கள், எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் தேறும். ஒரு தடவைகூட ‘இதோடு முடிந்தது’ என்று அவள் எழுந்ததில்லை. முடிகிற வேலை என்று அவள் அதை நினைத்ததே இல்லை.

எங்கள் வீடு மினியாபொலிஸுக்கு மேற்கே, புறநகரில் இருக்கிறது. 2014-இல் வாங்கினோம். கராஜ் கதவிலிருந்து தெருவரை இரண்டு கார் அகலத்துக்கு இறங்கும் அந்தக் கறுப்புத் தளம் அப்போதே புதிதல்ல. இப்போது அது கறுப்பும் அல்ல. மழையில் நனைந்து காய்ந்த யானைத் தோல் நிறம். நீளவாக்கில் ஒரு விரிசல், குறுக்கே இரண்டு. கராஜ் அருகே உள்ளதில் என் சுண்டுவிரல் நுழையும். அதற்குள் ஒரு புல் முளைத்து, கதிர்கூட விட்டிருந்தது.

தார்த் தளம் ஏன் வெளுக்கிறது என்று படித்தேன். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஜல்லியும் மணலும்தான். மீதி ஐந்து பங்கு பிட்டுமன், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்கும் பிசின். அந்த ஐந்துதான் தொண்ணூற்றைந்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அந்தப் பிசின் எண்ணெய்ப் பசை இழந்து விறைத்துப்போகிறது. விறைத்த பிறகு வளையாது, வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதன் பலத்தை நான் பார்த்தது இங்கே மார்ச் மாதங்களில். பகலில் பனி உருகி விரிசலுக்குள் போகும், இரவில் உறைந்து விரிசலின் இரு கரையையும் தள்ளும், மறுநாள் உருகி இன்னும் ஆழமாகப் போகும். ஆப்பு அடித்துக் கல்லைப் பிளக்கிறவன் செய்யும் வேலை. ஆளில்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

சீல் கோட்டிங் என்பது இதன் மேல் பூசும் மெல்லிய கறுப்புப் படலம். வெயிலையும் காற்றையும் அது கொஞ்ச காலம் தடுக்கும். விரிசலை அடைக்காது. விரிசல் அகலமாக இருந்தால் அதன் வாய்க்கு மை தீட்டும், அவ்வளவே. இதை அந்தப் பையன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மனைவிக்கு இதில் குழப்பமே இல்லை. வரும் ஜூனில் மகனின் பள்ளிப் படிப்பு முடிகிறது. இந்த ஊர் வழக்கப்படி கராஜைத் திறந்துவைத்து, மேஜை போட்டு, தெருவையே அழைத்து விருந்து வைக்க வேண்டும். “எல்லார் வீட்டு டிரைவ்வேயும் கறுப்பா பளபளன்னு இருக்கு. நம்ம வீடு மட்டும் சாம்பல் பூத்துக் கெடக்குங்க. வர்றவங்க என்ன நெனைப்பாங்க?” என்றாள். நியாயமான கேள்வி. அதை அற்பம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஊரில் தைப்பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததில் பாதி, வருகிறவர்களுக்காகத்தான்.

ஞாயிறுதோறும் வேதாந்த வகுப்புக்குப் போகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது சிரித்தார். “உடம்பே நிக்கப்போறதில்ல, தாருக்குப் போயி கவலைப்படுறீங்களே சார்.” கேட்க நன்றாக இருந்தது. திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது, அவர் வீட்டுக் கராஜ் தரை முழுக்க எபாக்ஸி பூசி, முகம் பார்க்கலாம்போல வைத்திருக்கிறார். அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நிலையாமையைப் பேசுகிறபோது நம்மில் பெரும்பாலோர் அடுத்தவன் பொருளின் நிலையாமையைத்தான் பேசுகிறோம்.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி உண்மையானது. அழியப்போகிறது என்று தெரிந்த ஒன்றைப் பேணுவது என்ன? பற்றா, அறியாமையா, கடமையா? திருக்குறளில் நிலையாமை என்று முழுதாக ஓர் அதிகாரம் இருக்கிறது, 34-ஆவது. அது துறவறவியலில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இல்வாழ்க்கை அதற்கு வெகு முன்னால், ஐந்தாவது அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லும் மனைவியிடம் 34-ஆவது அதிகாரத்தை எடுத்து நீட்டுகிறவனை வள்ளுவர் எந்த இயலில் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்தக் கேள்வி தாரில் தொடங்கவில்லை, அரக்கில் தொடங்கியது. 1978. எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு. அப்பா பள்ளித் தலைமையாசிரியர், பெரியார் கட்சி அனுதாபி, கோயிலுக்குள் போய்க் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. இருந்தும் திருப்பணிக் கணக்கை ஊரார் அவரிடம்தான் கொடுத்தார்கள். காரணத்தை எல்லோரும் வெளிப்படையாகவே சொன்னார்கள்: சாமி இல்லை என்கிற ஆள் சாமி பணத்தில் கைவைக்கமாட்டார். அப்பா சொன்னது வேறு. “சாமி இருக்கா இல்லையாங்கிறது அவங்க கவலை. நோட்டு இருக்கு, அது என் கவலை.”

அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘மருந்து’ என்ற தலைப்பில் இருக்கும். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டுப் பொருள், அதனால் அட்டபந்தனம். சாமிக்கும் பீடத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கை இந்த மருந்தால்தான் அடைக்கிறார்கள். நாள்தோறும் பாலும் தயிரும் தண்ணீருமாக அபிடேகம் நடக்கிற இடம். அந்த ஈரம் இடுக்கு வழியே இறங்கினால் அடியில் பதித்த யந்திரம் வரை போகும், பீடம் அசையும், சாமி ஆடும். ஆக, மந்திரங்களையெல்லாம் சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தால், கருவறையில் நடப்பதும் என் வீட்டு முன்னால் அந்தப் பையன் செய்ய வந்ததும் ஒரே காரியம். தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

மருந்து இடித்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்டபத்தில் கருங்கல் மேல் வைத்து, நாலு பேர் முறைவைத்து இடித்தார்கள். நாள்கணக்கில் நடந்தது. பையன்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. எனக்கு ஐம்பது அடி. இடிக்கிற சூட்டில் அது இளகி, பிசைந்த மாவு போல வரும். நிறுத்தினால் இறுகிக் கல்லாகிவிடும். “நிறுத்தாதே, நிறுத்தாதே” என்று பெரிய ஸ்தபதி கத்திக்கொண்டே இருப்பார். வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அரக்கும் வெண்ணெயும் சூடான கல்லும் சேர்ந்த ஒரு மணம். பதம் வந்ததும் விரல் பருமனுக்குத் திரியாக உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குமேல் எங்களுக்கு அனுமதி இல்லை.

கடைசியில் ஓர் உருண்டை மிஞ்சியது. பிரசாதமாகக் கொடுங்கள் என்று ஒரு கிழவி கேட்டாள். அப்பா நோட்டில் ‘மீதம்: மருந்து ஓர் உருண்டை’ என்று எழுதிவிட்டுத்தான் கொடுத்தார்.

அட்டபந்தனம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அப்படிப் புதுப்பித்துச் செய்யும் குடமுழுக்குக்கு ஆகமத்தில் புனராவர்த்தம் என்று தனிப்பெயரே உண்டு. புதுக்கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம், வெள்ளத்தாலோ வேறு அழிவாலோ இடிந்ததை மீண்டும் எழுப்பிச் செய்வது அனாவர்த்தம், களவு முதலிய தீட்டு நேர்ந்தபின் செய்வது அந்தரிதம். தெய்வத்தை நிலைநிறுத்துவது பற்றிப் பேசும் நூல்கள், அந்த நிலை தளரும் வழிகளையும் வரிசையாகப் பெயரிட்டு வைத்திருக்கின்றன. எதுவும் கெடாது என்ற நினைப்பு அவற்றில் ஓரிடத்திலும் இல்லை. கெட்டால் என்ன முறை என்பதுதான் இருக்கிறது.

எல்லாக் கோயிலிலும் பன்னிரண்டு என்ற கணக்கு நடப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே 1997-க்குப் பிறகு 2020 பிப்ரவரியில்தான் குடமுழுக்கு நடந்தது. எங்கள் ஊரில் 1990-இல் வரவேண்டியது 1996-க்குத் தள்ளிப்போனது. பணம் இல்லை, இரண்டு தெருவுக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. மருந்து விட்டுப்போய், குருக்கள் துணியைச் சுருட்டி இடுக்கில் வைத்து அபிடேகம் செய்துகொண்டிருந்தார். கடைசியில் அந்த ஈரத் துணியைப் பார்த்துத்தான் இரண்டு தெருவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தது. அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நோட்டு மட்டும் அவரிடமே வந்தது. “பன்னெண்டு வருசத்துல விட்டுப்போற மாதிரி ஒரு மருந்தை எழுதிவச்சானே, அவன் கெட்டிக்காரன்டா” என்றார். “நூறு வருசம் நிக்கிற மருந்தா இருந்திருந்தா, இந்த ஊரு கோயில மறந்தே போயிருக்கும்.”

அவர் பக்தியோடு சொல்லவில்லை. ஓர் ஏற்பாட்டைப் பாராட்டும் நிர்வாகியின் குரல்தான் அது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அதை நான் மனத்தில் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதே அந்த அட்டையைக் கையில் பிடித்து நின்றபோதுதான் தெரிந்தது.

வேதாந்த நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. (அன்று வாய்க்கு வரவில்லை. எனக்குப் பதில்கள் கார் கிளம்பிய பிறகுதான் வரும்.) சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் அல்ல. அது உள்பொருள், உலகம் உண்டாவதற்கான மூலச்சரக்கு. தனு, கரணம், புவனம், போகம் என்று நான்காக விரித்துச் சொல்வார்கள்: உடம்பு, மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள். ஆணவ இருளில் கண் தெரியாமல் கிடக்கும் உயிருக்கு இவை கைவிளக்கு போலத் தரப்பட்டவை. அழிபவைதான், ஆனால் இல்லாதவை அல்ல. அழிகிறது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவனை அறிவிலி என்று சொல்ல முடியாது.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் ஓர் உவமை வருகிறது. மாயையும் மலம்தானே, மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுவது எப்படி என்ற கேள்விக்கு விடை. வண்ணான் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்க்கிறான். முதல் பார்வைக்கு இன்னும் அழுக்காக்குகிறான். பிறகு இரண்டையும் சேர்த்து வெளுத்து எடுக்கிறான். இதை அம்மாவிடம் சொன்னேன். “சாணிதானே? அதுக்கு ஒரு புத்தகம் வேணுமா?” என்றாள்.

சரி, புவனம் முழுவதும் ஒரு துணை என்றால் என் டிரைவ்வேயும் அதில் ஒரு துண்டு. அதைப் பேணலாம். எதுவரை, எந்த மனத்தோடு? இங்கேதான் எனக்கு அப்பர் வந்து நிற்கிறார்.

சைவ நால்வரின் சிலைகளில் அப்பரை அடையாளம் காண்பது எளிது. தோளில் சாய்ந்த உழவாரம். கோயில் பிராகாரங்களில் கல் இடுக்கில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து, பாடிய இடமெல்லாம் குனிந்து புல் செதுக்கியவர். அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகிக் கொண்டிருந்தவர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாலு படியில் இந்த வேலை முதற்படி, சரியை. அப்பர் அந்தப் படிக்கே எடுத்துக்காட்டாகிவிட்டவர். கீழ்ப்படி என்று அதைச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். புல்லைப் பற்றி அப்பருக்குத் தெரியாத நிலையாமை எதுவும் நமக்குத் தெரிந்துவிடவில்லை. இன்று செதுக்கினால் அடுத்த மழையில் முளைக்கும் என்று குனிந்தவருக்குத் தெரியும். தெரிந்தே குனிந்தார்.

திருப்புகலூரில் அவர் உழவாரம் இட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் வெளிப்பட்டன என்று சேக்கிழார் சொல்கிறார். அப்பர் அவற்றைக் கல்லும் புல்லும் போலவே வாரிக் குளத்தில் எறிந்தார். சின்ன வயதில் இந்தக் கதையைப் பற்றின்மைக்குச் சான்றாகக் கேட்டிருக்கிறேன். இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. அவர் பொன்னை மட்டும்தான் எறிந்தார். உழவாரத்தை எறியவில்லை. வேலையால் வரும் ஆதாயம் வேண்டாம், வேலை வேண்டும். நாமோ நேர்மாறு. ஆதாயம் வேண்டும், வேலை மட்டும் எப்படியாவது ஒழியவேண்டும். அந்த அட்டையில் அச்சடித்திருந்த உத்தரவாதத்தில் என்னை ஈர்த்தது எது என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். தளத்தின் நலம் அல்ல. மூன்று வருடத்துக்கு அதை நான் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்பதுதான்.

“முன்னூத்தி எண்பது டாலர் மிச்சம் பண்றதுக்கு அப்பர் வரைக்கும் போகணுமா?” என்று மனைவி கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கஞ்சத்தனம் தத்துவ வேட்டி கட்டிக்கொண்டு வருவது நான் முதல்முறை பார்ப்பதும் அல்ல. கோயில் பிராகாரமும் என் டிரைவ்வேயும் ஒன்றா என்றும் கேட்கலாம். அங்கே நடப்பது உற்சவம், இங்கே நிற்பது பன்னிரண்டு வருடத்து டொயோட்டா. சீல் கோட்டிங் அடித்தால் இரண்டு நாளைக்குக் காரைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்று படித்தபோது எனக்கு, திருப்பணி முடியும்வரை சாமியை வேறிடத்தில் வைக்கும் பாலாலயம் நினைவுக்கு வந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இருந்திருக்காது.

ஆனால் வாசல் என்பது எங்கள் வழக்கில் முழுதாக நம்முடையது அல்ல. தெருவில் போகிறவன் கண்ணுக்கும் எறும்பின் வாய்க்கும் சேர்த்துத்தான் அரிசிமாவுக் கோலம். இங்கேயும் டிரைவ்வே தெருவைத் தொடும் கடைசிச் சில அடி நகராட்சியின் எல்லைக்குள் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் என்னுடையது. அதில் விழும் மழையும் எனக்கு நிற்பதில்லை. தெருமுனைச் சாக்கடைக் கம்பி வழியே, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மழைநீர்க் குளத்துக்குப் போகிறது. அங்கே வாத்துகள் உண்டு, மாலையில் அம்மா அவற்றைப் பார்க்கத்தான் நடக்கிறாள்.

தமிழில் தார் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பொருளைச் சொல்கிறோம். ஒன்று கச்சா எண்ணெயிலிருந்து வருவது. மற்றது நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரி ஆக்கும்போது ஒழுகுவது. நெடுங்காலம் இந்நாட்டில் டிரைவ்வேக்களுக்கும் கார் நிறுத்தங்களுக்கும் பூசிய கறுப்பில் பெரும்பகுதி இரண்டாவது வகை. டெக்சஸில் ஆஸ்டின் நகர ஓடைகளின் வண்டலில் புற்றுநோய் தரக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, எங்கிருந்து வருகிறது என்று மேலே தேடிப் போனவர்கள் கார் நிறுத்தங்களின் கறுப்புப் பூச்சில் போய் நின்றார்கள். எண்ணெய்வகைப் பூச்சைவிட நிலக்கரித்தார்ப் பூச்சில் அந்த நஞ்சு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கணித்திருக்கிறது. சக்கரம் தேய்த்துத் தேய்த்து அது தூளாகி, மழையோடு இறங்கி, குளத்து அடியில் படிகிறது. ஆஸ்டின் 2006-இல் தடை செய்தது, வாஷிங்டன் மாநிலம் 2011-இல். மினசோட்டா மாநிலம் முழுவதிலும் 2014 ஜனவரி 1 முதல் விற்கவும் கூடாது, பூசவும் கூடாது. ஆகவே அந்தப் பையன் கொண்டுவந்தது தீங்கு குறைந்த வகையாகத்தான் இருக்கும். அவன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வீட்டு வாசலில் 2014-க்கு முன் எத்தனை முறை எது பூசப்பட்டதோ, அது தேய்ந்து எங்கே போயிருக்கும் என்பது குளத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்பர் குளத்தில் எறிந்தது பொன்.

பேணுவது கேடாகவும் முடியும் என்பதை ஊரிலும் பார்த்திருக்கிறேன். திருப்பணி என்ற பெயரில் கருங்கல் தூண்களை மணல்வீசிச் சுத்தம் செய்தார்கள். கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் சேர்ந்தே போயின. பிராகாரத்துக் கல்தளத்தின் மேல் வழுவழு ஓடுகள் ஒட்டினார்கள். மழையில் வழுக்கி விழாத கிழவர் இல்லை. பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசைக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது. உழவாரத்துக்கு அப்படி இல்லை. குனிந்தவன் கைக்கு இடுக்கின் ஆழம் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் மறுபடி வந்தான். வேண்டாம் தம்பி, விரிசலை மட்டும் நானே அடைத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் தோளைக் குலுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. கீழே பார்த்துவிட்டு, “அந்தப் பெரிய விரிசலுக்கு முதலில் நுரைக்கயிறு வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் 380 டாலரை எண்ணிக் கொடுத்திருப்பேன்.

செப்டம்பரில் மூன்று நாள் மழையில்லாமல் வெயில் காய்ந்தது. சனிக்கிழமை காலை பழைய சமையல் கத்தியோடு குந்தினேன். இருபது நிமிடத்தில் முழங்கால் போய்விட்டது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வளைந்து, கராஜ் பக்கத்துப் புல்லை ஒன்றொன்றாக வேரோடு பிடுங்கினாள். கத்தியால் வெட்டாதே, வேர் உள்ளே நின்றால் அடுத்த மாதம் வரும் என்று அதட்டல் வேறு. விரிசலுக்குள் இருந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டினோம். மகன் எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காற்றடிக்கும் கருவியை எடுத்து வந்து ஒரு நிமிடத்தில் மிச்சத் தூசியை ஊதித் தள்ளினான். பெரிய விரிசலில் நுரைக்கயிற்றை வைத்து திருப்புளியால் அழுத்தினேன். விரல் பருமன், சாம்பல் நிறம். உள்ளே போகும்போது ஒரு கணம் மண்டபத்துத் திரி கண்ணில் வந்துபோனது. வாசனைதான் வேறு. இது பழைய டயர் கடை வாசனை. மேலே ரப்பர் கலந்த தாரை ஊற்றி, தட்டையாக இழுத்துவிட்டேன்.

மனைவி காப்பியோடு வெளியே வந்து பார்த்தாள். சாம்பல் தளத்தில் கறுப்பாக மூன்று கோடுகள், கோணல்மாணலாக.

“இது அசிங்கமா இருக்கேங்க.”

“ஜூன்ல மேஜை போட்டா மறைஞ்சிரும்.”

“மேஜையை நடுவுலயா போடுவாங்க?” என்றாள். ஆனாலும் காப்பியைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் அம்மா கோலம் போட்டுவிட்டாள். தார் இன்னும் கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருந்தது. புள்ளிகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை என்று பிரித்து வைத்து, கறுப்பில் கைபடாமல் சுற்றி வந்திருந்தாள். வெளுத்த தளத்தில் கோலம் அவ்வளவு எடுப்பாகத் தெரியவில்லை. கறுப்பு அடித்திருந்தால் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அவளே சொன்னாள். அரிசிமாவுக்கு எறும்பு வந்திருந்தது. ஓர் அணிலும்.

மேஜை இழுப்பறையில் மகனின் பழைய பள்ளி நோட்டு ஒன்று இருந்தது, பாதி எழுதாதது. அதில் தேதி போட்டு எழுதினேன்: தார் பாட்டில் 3, நுரைக்கயிறு 1, மொத்தம் 41 டாலர். அடுத்து பார்க்க வேண்டியது, பனி உருகிய பின், ஏப்ரல் கடைசி. மீதம்: அரை பாட்டில்.